வீட்டுப் புகையிலை வளர்ப்பு

வீட்டுப் புகையிலை வளர்ப்பு என்பது, விற்பனை நோக்கமின்றி வீட்டுத் தோட்டத்தில் புகையிலைச் செடிகளை வளர்த்து, அவற்றின் இலைகளைப் பதப்படுத்தும் பொழுதுபோக்கு ஆகும். ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் இதில் ஈடுபடுவோர் உள்ளனர். செடியை வளர்ப்பதைவிட இலையைப் பதப்படுத்துவதே இதில் கடினமான பகுதியாகும்.

செடி

புகையிலை, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைப் போலவே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பரவலாகப் பயிரிடப்படும் இனம் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நிக்கோட்டியானா தபாக்கம் ஆகும். இதன் விதைகள் மிகச் சிறியவை; ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும். எனவே இவை புதைக்கப்படாமல் ஈரமண்ணின் மீது தூவப்படுகின்றன. 6 முதல் 8 வாரங்களில் நாற்றுகள் நடப்படுகின்றன. பூங்கொத்தைக் கிள்ளி, பக்கத் தளிர்களையும் நீக்கினால் இலைகள் பெரிதாகவும் தடிப்பாகவும் வளரும். இலைகள் அடியிலிருந்து மேல்நோக்கி முதிர்வதால், அதே வரிசையில் பறிக்கப்படுகின்றன.

பதப்படுத்தல்

பச்சை இலையின் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீராகும். எனினும் பதப்படுத்தல் என்பது வெறுமனே உலர்த்துவது அன்று. பறித்த இலையின் உயிரணுக்கள் சில நாட்கள் உயிருடன் இருக்கும். அக்காலத்தில் பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிறது. மாப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. விரைவாக உலர்ந்தால் இம்மாற்றங்கள் நிகழுமுன் உயிரணுக்கள் இறந்து, இலை பச்சையாகவே நின்றுவிடும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

முதன்மையான முறைகள் நான்கு:

* காற்றில் உலர்த்தல்: காற்றோட்டமுள்ள நிழலில் இலைகள் 4 முதல் 8 வாரங்கள் தொங்கவிடப்படும். சர்க்கரை பெரும்பாலும் செலவாகிவிடும். தனிக் கருவி தேவைப்படாததால் வீட்டில் வளர்ப்போருக்கு ஏற்றது.
* வெயிலில் உலர்த்தல்: துருக்கி, கிரேக்கம் ஆகிய நாடுகளின் சிற்றிலைப் புகையிலைக்கு உரியது.
* புகையூட்டல்: மூடிய கொட்டகையில் இலைகளுக்குப் புகை ஊட்டப்படும். யாழ்ப்பாணத்தில் இதற்குத் தென்னம் பொச்சு எரிக்கப்பட்டது.
* வெப்பத்தில் உலர்த்தல்: இலை மஞ்சளானதும் வெப்பம் கூட்டப்படுவதால் சர்க்கரை எஞ்சிவிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். 1839 ஆம் ஆண்டில் வட கரோலினாவில் இசுட்டீவன் என்ற அடிமைத் தொழிலாளி, அணையவிருந்த நெருப்பில் கரி இட்டபோது பொன்னிற இலை கிடைத்ததாகவும், அதிலிருந்தே இம்முறை வளர்ந்ததாகவும் கூறப்படுகிறது.

தீங்குகள்

வீட்டில் விளைந்த புகையிலையில் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் அது தீங்கற்றது என்னும் கருத்து தவறானது. நிக்கோட்டினைச் செடியே உருவாக்குகிறது. புகையிலைக்குரிய நைத்திரோசமைன்கள் பெரும்பாலும் பதப்படுத்தலின்போதே உருவாகின்றன. இவற்றுள் இரண்டைப் புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக முகமை மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவையாக வகைப்படுத்தியுள்ளது. எந்த இலையை எரித்தாலும் தாரும் காபனோரொட்சைட்டும் உண்டாகும்.

ஈரமான பச்சை இலைகளைக் கையாளும்போது நிக்கோட்டின் தோல் வழியாக உடலுள் சென்று குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் ஆகியவற்றை ஏற்படுத்தக்கூடும். இது பச்சைப் புகையிலை நோய் எனப்படுகிறது. கையுறை அணிவதும் இலைகள் காய்ந்தபின் பறிப்பதும் இதனைத் தவிர்க்க உதவும். புகையிலைத் தேமல் தீநுண்மி உலர்ந்த இலையிலும் நிலைத்திருந்து, கைகள் வழியாகத் தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்கும் பரவும்.

சட்டநிலை

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காக வளர்ப்பதற்கு நடுவண் அரசின் தடை இல்லை. ஆத்திரேலியாவில் உரிமமின்றி ஒரு செடியை வளர்ப்பதும் குற்றமாகும்.