தெளித்த காடும் நிரப்பிய தளமும்

வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் காட்டின் மேல் மருந்து தெளித்த கதையைக் கேட்டிருப்பீர்கள். 1962 முதல் 1971 வரை ஏறத்தாழ 8 கோடி லிட்டர் களைக்கொல்லி. எதிரி ஒளிய நிழல் இருக்கக் கூடாது என்று இலையை உதிர்த்தார்கள். அவனுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று நெல்வயலையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இன்றும் விஷம் மிக அடர்த்தியாகத் தங்கியிருப்பது பழைய விமானத் தளங்களில்தான். ஏன் என்று சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

தெளித்ததில் பாதிக்கு மேல் ‘ஏஜென்ட் ஆரஞ்சு’. பீப்பாயில் பூசியிருந்த ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயர். இரண்டு களைக்கொல்லிகளின் கலவை அது. டையாக்சின் என்ற விஷத்தை அதில் யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லை. பாகு காய்ச்சும்போது அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும் அல்லவா? அந்த இரண்டில் ஒன்றைச் சூடு கூட்டி வேகமாகத் தயாரித்தபோது டையாக்சினும் அப்படித்தான் கூடவே உண்டானது. போருக்கோ பீப்பாய்கள் சீக்கிரம் வேண்டியிருந்தன.

இலைமேல் மெல்லிய படலமாக விழுந்த டையாக்சினை வெயில் பெரும்பாலும் சிதைத்துவிடும். மண்ணுக்குள் இறங்கிவிட்டால் பல பத்தாண்டுகள் அசையாது. தண்ணீரில் கரையாது, சேற்றையும் கொழுப்பையும் பற்றிக்கொள்ளும். தளங்களில் பீப்பாய்கள் கசிந்தன, விமானத்தில் நிரப்பும்போது சிந்தியது, கழுவிய தண்ணீர் பக்கத்துக் குளத்துக்கு ஓடியது. அந்தச் சேற்றிலிருந்து மீனுக்கு, வாத்துக்கு, அவற்றைத் தின்ற மனிதரின் இரத்தத்துக்கு, தாய்ப்பாலுக்கு. மீனை எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. போர் ஓய்ந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அந்த மீனைத் தின்று வளர்ந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

காடு ஓரளவு மீண்டது. சைகோனுக்குத் தென்கிழக்கே கான் ஜியோவில் சுரபுன்னைகள் ஒரே தெளிப்பில் பட்டுப்போயின; நம் பிச்சாவரத்தில் நிற்கிறதே, அந்த மரம்தான். 1978 முதல் நாட்டின் தெற்குக் கோடியிலிருந்து நாற்றுக்காய்களைக் கொண்டுவந்து சேற்றில் ஊன்றினார்கள். 2000இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நட்டதில் பெரும்பகுதி ஒரே இனம் என்பதால் பழைய காட்டின் கலப்பு அதில் இல்லை.

மண்ணை மீட்பது அதைவிடக் கடினம். தா நாங் விமான நிலையத்தில் மண்ணையும் சேற்றையும் தோண்டி, பெரிய தொட்டி கட்டிக் குவித்து, 335 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினார்கள். அந்த வெப்பத்தில்தான் டையாக்சின் மண்ணை விட்டுப் பிரியும். அமெரிக்கப் பணத்தில் 2012இல் தொடங்கிய வேலை 2018இல் முடிந்தது. சூடேற்றிய மண் சுமார் 90,000 கன மீட்டர். பியென் ஹோவா தளத்தில் கிடப்பது அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். தெளிப்பு நின்று 48 ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் அங்கே பெரிய அளவில் சுத்தப்படுத்தத் தொடங்கினார்கள். தளத்தைச் சுற்றி நெருக்கமான நகரம் இருக்கிறது.