நாய்க்கு மயக்க ஊசியும் வலி மருந்தும்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் வளர்க்கும் நாய்க்குக் காயம் பட்டாலோ, கருத்தடை செய்ய நேர்ந்தாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்கிறோம். ஊசி போட்டதும் நாய் தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டால், இனி அதற்கு வலி தெரியாது என்று எண்ணிக் கொள்கிறோம். இது எப்போதும் சரியல்ல. நாயை அடக்கிப் படுக்க வைக்கும் மருந்து வேறு. வலியைப் போக்கும் மருந்து வேறு.

அசிப்ரோமசின் என்னும் மருந்து நாயை அமைதிப்படுத்துமே தவிர வலியைக் குறைக்காது. அதை மட்டும் போட்டுத் தையல் போட்டால், எதிர்க்க வலுவின்றிக் கிடக்கும் நாய் வலி முழுவதையும் அனுபவிக்கும். சைலசின் ஓரளவு வலியையும் குறைக்கும். ஆனால் மயக்கம் தெளிவதற்கு முன்பே அந்தப் பலன் தீர்ந்துவிடும். ஆகவே கம்பி வேலி கிழித்த காயத்தைத் தைக்கும்போது, மயக்க ஊசியுடன் காயத்தைச் சுற்றி லிக்னோகெயின் போட்டு அந்த இடத்தை மரத்துப் போகச் செய்வார்கள். வயிற்றைத் திறக்கும் அறுவைக்கு இது போதாது. முழு மயக்கம் வேண்டும். கீட்டமின் சேர்த்துக் கொடுத்த நாய் கண்ணைத் திறந்தபடியே கிடக்கும். பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கண் உலராதிருக்கக் களிம்பு இடுவார்கள்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று பாருங்கள். இருவரும் சேர்ந்து 82 கிலோ, நீங்கள் மட்டும் 60 கிலோ என்றால் நாயின் எடை 22 கிலோ. அதன் வயது, சினையா, முன்பு வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொழுப்பில்லாத ஒல்லி உடலுள்ள கிரேஹவுண்ட் நாய்கள் தயோபென்டோன் மயக்கத்திலிருந்து தெளிய அதிக நேரமாகும். அதே உடல்வாகு கொண்ட சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கும் அந்த எச்சரிக்கை தேவை.

காலையில் அறுவை என்றால் முந்தின இரவு பத்து மணிக்கு மேல் உணவு கூடாது. புறப்படும் வரை தண்ணீர் கொடுக்கலாம். பால் மறவாத குட்டிகளை இப்படி நெடுநேரம் பட்டினி போடக் கூடாது. பெரிய நாய்க்கு மனம் பொறுக்காமல் ஒரு பிடி சோறு போட்டு அழைத்து வருபவர்கள் உண்டு. சைலசின் போட்ட நாய் பெரும்பாலும் வாந்தி எடுக்கும்; அது மூச்சுக் குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வாயைக் கட்டியிருந்தால், மயக்கம் ஏறத் தொடங்கியதும் மருத்துவரிடம் கேட்டு அவிழ்த்துவிட வேண்டும். ஊசி போட்ட பத்து, பதினைந்து நிமிடம் நாயைச் சத்தமில்லாத இடத்தில் விட வேண்டும். மிரண்ட நாய்க்கு மருந்து சரியாகப் பிடிக்காது. படுத்திருக்கும் நாய்கூடத் திடுக்கிட்டுக் கடித்துவிடும்.

வீடு திரும்பிய பின்புதான் பலர் தவறு செய்கிறார்கள். நாய் வலி தாளாமல் கத்தும் என்று காத்திருக்க வேண்டாம். பல நாய்கள் கத்துவதேயில்லை. தீனி எடுக்காமல் இருப்பது, முதுகை வளைத்து நிற்பது, நடுங்குவது, தையலை ஓயாமல் நக்குவது எல்லாம் வலியின் அடையாளங்களே. அதற்காக நமக்கு வாங்கிய மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. ஐபுபுரூபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கழுகுகள் அழிவதற்குக் காரணமான டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006 இல் தடை வந்தது. மாட்டுக்கென்று வாங்கிய பழைய குப்பி இன்னும் பரணில் கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். நாய்க்கு மருத்துவர் பெரும்பாலும் மெலாக்சிகம் எழுதித் தருவார். எடைக்கேற்ற அளவில், நாளுக்கு ஒரு வேளை, உணவுக்குப் பின் கொடுக்க வேண்டும். வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும்.

மயக்கம் தெளியும் வரை நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உலர்ந்த சாக்கால் மூட வேண்டும். மயக்கத்தில் உடல் சூடு குறைந்துவிடும். கால் தடுமாறாமல் எழுந்து நடந்த பின்பே தண்ணீர் கொடுக்கலாம். அதுவரை கிணற்றடியிலோ மற்ற நாய்களுடனோ விட வேண்டாம்.