கோடு எங்கே போடுவது?

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சமயநல்லூர். கோடை விடுமுறை விட்டதும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிணறுதான் பள்ளிக்கூடம். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு குதிப்பது பழைய வழக்கம். இப்போது சுரைக்குடுக்கையின் வேலையைப் பிளாஸ்டிக் கேன் பார்க்கிறது. வைகை பக்கத்திலேயே இருந்தாலும் சித்திரை, வைகாசியில் அங்கே தண்ணீரைவிட மணலே அதிகம். (பெரியவர் துணையில்லாமல் யாரும் கிணற்றில் இறங்க வேண்டாம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

ஒரு கற்பனை செய்வோம். சமயநல்லூர், தேனூர், பரவை, சோழவந்தான் ஆகிய நான்கு ஊர்ப் பிள்ளைகளும் கோடையில் ஊர்வாரியாக நீச்சல் போட்டி நடத்துகிறார்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே வாரந்தோறும் இரண்டிரண்டு ஊர்கள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே தகராறு வந்துவிடும். என்ன தகராறு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

"இவனுக்கா 12 வயசு? மீசை முளைச்சிருச்சு, பாருங்க சார்!"

"அந்தப் பையன் தேனூர்க்காரனே இல்ல. லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்தவன்!"

முதல் கூச்சல் வயதைப் பற்றியது. இரண்டாவது ஊரைப் பற்றியது. குழந்தைகளின் போட்டியை யார் நடத்தினாலும் இந்த இரண்டு இடங்களில் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு லாபம், அந்தப் பக்கம் நிற்பவனுக்கு நஷ்டம். எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதலில் ஊர்க் கணக்கு. நம் கற்பனைப் போட்டி அமெரிக்காவில் நிஜமாகவே நடக்கிறது. வாஷிங்டன் நகரை அடுத்த வட வர்ஜீனியாவில் 1956-இல் ஒரு கோடைக்கால நீச்சல் லீக் தொடங்கியது. இன்று அதில் நூறுக்கு மேற்பட்ட குடியிருப்புக் குளங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளமும் ஓர் அணி. ஐந்து வயதுப் பிரிவுகள், நான்கு நீச்சல் முறைகள், ஆண் பெண் இருபாலர். ஆக 40 தனிநபர்ப் போட்டிகள். ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று பேர் நீந்தலாம். முதல் இடத்துக்கு 5 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 1. இவை 360 புள்ளி. இவற்றுடன் 5 புள்ளி வீதம் 12 தொடர் நீச்சல்களையும் சேர்த்தால் மொத்தம் 420.

இப்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அணி பக்கத்து அணியிடம் 200-க்கு 220 என்று தோற்கிறது. எதிரணியில் ஒரு கெட்டிக்காரப் பையன் இரண்டு போட்டிகளில் முதலாவதாக வந்தான். அவ்விரண்டிலும் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம், மூன்றாம் இடங்கள் கிடைத்தன. அதாவது ஒவ்வொரு போட்டியிலும் உங்களுக்கு 4, அவர்களுக்கு 5. அடுத்த வருடம் அந்தப் பையனை நீங்கள் நைசாகப் பேசி உங்கள் அணிக்குக் கொண்டுவந்துவிடுகிறீர்கள். மற்றவர்கள் எல்லோரும் பழையபடியே நீந்துகிறார்கள். அவன் முதலாவது, உங்கள் பழைய ஆட்கள் இரண்டாவதும் மூன்றாவதும். உங்களுக்கு 9, அவர்களுக்குப் பூஜ்யம்! இரண்டு போட்டிகளுக்கும் சேர்த்து உங்கள் புள்ளி 10 ஏறுகிறது, அவர்கள் புள்ளி 10 இறங்குகிறது. 210-க்கு 210. ஒரே ஒரு பையன் இடம் மாறியதும் தோல்வி சமநிலை ஆகிவிட்டது.

அவன் நான்கு நீச்சல் முறையிலும் இதே போலக் கெட்டிக்காரனாக இருந்தால்? உங்களுக்கு 220, அவர்களுக்கு 200. முடிவு அப்படியே தலைகீழ். ஆனால் அந்த லீக்கில் ஒருவர் இரண்டு தனிநபர்ப் போட்டிகளுக்கு மேல் நீந்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆள் பிடிக்கும் ஆசையை அது அடியோடு ஒழிக்காது, பாதியாகக் குறைக்கும்.

இன்னொருவனை நாம் மறந்துவிட்டோம். அணிக்கு மூன்று பேர்தானே? புதியவன் உள்ளே வந்தால் பழைய மூவரில் ஒருவன் வெளியே போக வேண்டும். போன வருடம் ஐந்தாவதாக வந்தானே, அவன்தான் இனிக் கரையில் உட்காருவான். புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் கோடை முழுவதும் அதிகாலையில் எழுந்து குளத்துக்கு வந்தவன் அவன். வெற்றியை மட்டும் எண்ணுகிற கணக்கில் இந்த நஷ்டம் தெரியாது.

ஆள் பிடிப்பதைத் தடுக்க உலகெங்கும் செய்வது எல்லை வகுப்பதுதான். 'இந்த எல்லைக்குள் குடியிருப்பவர் மட்டும்' என்பார்கள். நம் ஊர்ச் சுவர்களில் கபடிப் போட்டி நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். எடை வரம்பை எழுதி, சில இடங்களில் வெளியூர் ஆட்களை இறக்கக் கூடாது என்றும் அச்சிட்டிருப்பார்கள். அதே விதிதான். அதை மீறி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1992-இல் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பால் உலகப் போட்டியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் சாம்போவாங்கா நகர அணி, அமெரிக்காவின் லாங் பீச் அணியை 15-4 என்று வென்றது. பிறகுதான் தெரிந்தது, ஆடியவர்களில் பலர் அந்த நகரத்துப் பிள்ளைகளே அல்லர் என்று. பட்டம் பறிக்கப்பட்டது, ஆட்டம் 6-0 என்று லாங் பீச் பெயரில் எழுதப்பட்டது. 2014-இல் அமெரிக்கச் சாம்பியனான சிகாகோ அணிக்கும், எல்லைக்கு வெளியே இருந்த பிள்ளைகளைச் சேர்த்ததற்காக, மறுவருடம் இதே கதி. ஏற்பாடு செய்தவர்கள் பெரியவர்கள், அழுதவர்கள் பிள்ளைகள்.

ஆனாலும் எல்லை விதியை இரும்புப் பிடியாகப் பிடிப்பதும் சரியாகப் படவில்லை. அப்பாவுக்கு வேலை மாற்றலாகிச் சமயநல்லூருக்கு வந்த பெண், இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். அவள் இந்த ஊர்க்காரி இல்லையா? என்னைக் கேட்டால், எந்தப் பள்ளியில் படிக்கிறாளோ அதுவே அவள் ஊர். வட வர்ஜீனியாக்காரர்கள் இன்னொரு தந்திரமும் செய்கிறார்கள். அணிகளைப் பலத்தின்படி வரிசைப்படுத்தி, ஆறு ஆறாகப் பிரித்து, அந்த ஆறு அணிகளையும் தங்களுக்குள் மோதவிடுகிறார்கள். ஆள் பிடித்துப் பலமான அணி மேல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவர்களும் சூரர்கள். பிடித்த ஆளால் லாபம் இல்லையென்றால் யார் ஆள் பிடிப்பார்கள்? தடுப்பதைவிட இது நல்ல யோசனை.

இனி வயதுக் கணக்கு. இது இன்னும் சுவையானது. விஞ்ஞானமும் இங்கேதான் அதிகம்.

அந்த லீக்கில் ஒரு பிரிவு 11-12 வயது. கணக்கெடுக்கும் நாள் ஜூன் 1. அன்றைக்குச் சரியாக 11 முடிந்தவனும், மறுநாள் ஜூன் 2-இல் 13 முடியப்போகிறவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வருட வித்தியாசம்! அந்த வயதில் ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயரம் கூடும். ஒருவன் 138 சென்டிமீட்டர் என்றால் மற்றவன் 150 இருப்பான்.

உயரத்தால் நீச்சலில் என்ன லாபம்? கை நீளம், பாதம் பெரிது, தசை வலிமை அதிகம். இவை உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு. நீரின் மேற்பரப்பில் எது நகர்ந்தாலும் அலையை எழுப்பும். அலையை எழுப்பச் சக்தி செலவாகும். வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872-இல் டார்க்கீ என்னும் ஊரில் ஒரு தொட்டி கட்டி, அதில் கப்பல் பொம்மைகளை இழுத்துப் பார்த்து இதை ஆராய்ந்தார். ஒரு கப்பல் எந்த வேகத்தைத் தாண்டினால் அலைத் தடை கிடுகிடுவென ஏறுமோ, அந்த வேகம் கப்பல் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீளம் 4 மடங்கானால் வேகம் 2 மடங்கு. மனித உடலும் நீரில் ஒரு சிறு படகுதானே? 138-இலிருந்து 150 என்பது ஏறத்தாழ 9 சதவீத நீளம் அதிகம். வர்க்கமூலம் எடுத்தால் வேகத்தில் சுமார் 4 சதவீதம். 50 மீட்டரை 40 விநாடியில் நீந்துபவனுக்கு இது ஒன்றரை விநாடிக்கும் மேல். இது தோராயக் கணக்குத்தான். ஆனால் விநாடியின் பத்தில் ஒரு பங்கில் வெற்றி தோல்வி முடிவாகும் பந்தயத்தில் ஒன்றரை விநாடி என்பது மிகப் பெரிது. அதற்காக அவன் ஒரு நாள்கூடக் கூடுதலாகப் பயிற்சி செய்யவில்லை. சற்று முன்னால் பிறந்தான், அவ்வளவுதான்.

இப்படி முன்னால் பிறந்ததன் லாபம் பல வருடங்களுக்குத் தொடரும் என்பது கனடாவில் வேடிக்கையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி குடும்பத்தோடு ஐஸ் ஹாக்கி பார்க்கப் போயிருந்தார். ஆட்டக்காரர்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பவுலா, பிறந்த தேதிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு வயதுக் கோடு ஜனவரி 1. கோட்டை ஒட்டிப் பிறந்தவர்கள் அந்தந்த வருடத்தில் மூத்தவர்கள். பெரிய உருவம் பார்த்து 'இவனிடம் திறமை இருக்கிறது' என்று தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவனுக்கு நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்டங்கள். பிறகு அவன் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிட்டான்! டிசம்பரில் பிறந்தவனோ 'நமக்கு வராது' என்று விலகிவிட்டான். பார்ன்ஸ்லி தம்பதியர் இதை 1985-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நீச்சலிலும் இதே கதைதானா? ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் கோப்லியும் அவருடைய குழுவினரும் தேசிய அளவிலான இளம் நீச்சல் வீரர்களின் பிறந்த நாட்களைப் பார்த்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 12 வயதில் முன்னால் பிறந்தவர்கள் கூட்டம் மிக அதிகம். வயது ஏற ஏற அது மெல்லக் கரைந்துபோகிறது. பதினேழு, பதினெட்டு வயதில் அந்த ஆதிக்கமே காணோம். 12 வயதில் கடைசியாக வந்தவன் குளத்தை விட்டு ஓடிப்போகாமல் இருந்தால், பிடித்துவிடுகிறான் என்று பொருள்.

சிக்கல் இன்னும் முடியவில்லை. ஒரே நாளில் பிறந்த இருவர்கூட ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சரசரவென்று உயரும் காலம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 14-ஐ ஒட்டியும் வரும். சராசரி என்பதைக் கவனியுங்கள். சிலருக்கு ஓரிரு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். மீசை முளைத்த அந்தச் சமயநல்லூர்ப் பையன் பொய் சொல்லாமலே இருக்கலாம்!

பொய் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2001-இல் நியூயார்க் நகரத்துச் சிறுவர் பேஸ்பால் அணியில் அபாரமாகப் பந்து வீசிய '12 வயது'ப் பையனுக்கு உண்மையில் 14 வயது என்று பிறப்புப் பதிவேடு காட்டியது. அணியின் வெற்றிகள் எல்லாம் ரத்தாயின. நம் நாட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. அதனால்தான் மத்திய அரசு 2010-இல் விளையாட்டில் வயது மோசடிக்கு எதிராக ஒரு நெறிமுறையை வெளியிட்டது. நம் தாத்தா பாட்டிகளின் சான்றிதழ்களைப் பார்த்தால் பலருக்கும் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்த நாள் இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி அது! அதில் மோசடி நோக்கம் இல்லை. பதிவு செய்யும் பழக்கம் இல்லை, அவ்வளவே.

காகிதத்தை நம்ப முடியாவிட்டால் எலும்பைக் கேட்கலாம். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், விரல் எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தெரியும். அதை மதிப்பெண்ணாக்கி வயதை ஊகிக்கும் முறைக்கு டானர்-ஒயிட்ஹவுஸ் முறை என்று பெயர். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோருக்கு இதைப் பயன்படுத்துகிறது. ஆனால் எக்ஸ்ரே சொல்வது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை. நீங்கள் எந்த நாளில் பிறந்தீர்கள் என்பதை அல்ல. சீக்கிரம் வளரும் ஒரு நேர்மையான பையனை அது தவறாக வெளியே அனுப்பிவிடக்கூடும்.

வேறு வழிகளும் உண்டு. அமெரிக்க நீச்சல் சம்மேளனத்தின் போட்டிகளில் பொதுவாகப் போட்டி தொடங்கும் நாளில் என்ன வயதோ அதுவே வயது. அப்போது ஒரே பிள்ளை எப்போதும் மூத்தவனாக இருக்க முடியாது. பிறந்த நாள் வரவர முறை மாறும். கோப்லி குழுவினர் 2019-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஒருவன் எத்தனை நாள் இளையவனோ, அதற்கேற்ப அவன் நேரத்தில் சிறு திருத்தம் செய்து வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். பிறந்த மாதத்தின் சாய்வு பெரும்பாலும் மறைந்தது. நம் நான்கு ஊர்ப் போட்டிக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. இரண்டு வருடப் பிரிவை ஒரு வருடமாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 என்று அகலமாகப் பிரித்திருக்கிறார்கள். 14-ஐ இப்போதுதான் தாண்டியவனும் 17-ஐ நெருங்குபவனும் ஒன்றாக நிற்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பள்ளியில் இது எப்படி இருக்கிறது என்று பார்க்க விருப்பமா? உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டு, கடந்த சில வருடங்களில் பள்ளி அணிகளில் ஆடியவர்களின் பிறந்த மாதத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை, ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று நான்கு கட்டங்களில் கோடு போட்டு எண்ணுங்கள். பள்ளி முழுவதன் பிறந்த மாதங்களையும் அதே போல எண்ணி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏனெனில் மே, ஜூன் தேதிகள் உங்கள் பதிவேட்டிலும் குவிந்திருக்கலாம். பத்துப் பேரை எண்ணி முடிவு கட்டிவிடாதீர்கள். பத்து முறை காசு சுண்டினால் ஏழு முறை தலை விழுவது அதிசயமில்லை. நூறு பேராவது வேண்டும்.