துளையைப் பெரிதாக்கும் சூடு

ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பழைய புல்லட் ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் சீராக ஓடிய வண்டி, மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் ஊளையிடுவதுபோல் ஒலி எழுப்புகிறது. கியரை மாற்றினால் ஒலியும் மாறுகிறது. ஓட்டுபவர் இதைப் பொருட்படுத்தாமல் போகலாமா?

கூடாது, மாணவர்களே! அந்த ஒலி கியர்பெட்டியிலுள்ள பேரிங் தேய்ந்துவிட்டதற்கு அறிகுறியாக இருக்கலாம்.

பேரிங் என்பது என்ன?

சைக்கிள் சக்கரத்தைப் பிரிக்கும்போது பால்ரஸ் குண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பேரிங்கும் அதே தத்துவந்தான். ஓர் உள் வளையம், ஒரு வெளி வளையம், இடையே உருளும் எஃகுக் குண்டுகள். வழுக்குவதைவிட உருள்வதில் உராய்வு மிகக் குறைவு அல்லவா? அதனால் கியர்த் தண்டு எளிதாகச் சுழல்கிறது.

1955ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான 350 சி.சி. புல்லட்டுகள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் கியர்பெட்டிக் கூடு அலுமினியக் கலவையால் ஆனது. பேரிங்கோ எஃகு.

குண்டு ஓடும் தடத்தில் சிறு பள்ளம் விழுந்தாலும் ஒலி கேட்கும். முற்றிலும் கெட்டால் குண்டுகள் நெரிந்து தண்டு இறுகிவிடலாம். கிளட்சைப் பிடித்தால் எஞ்சினின் தொடர்புதான் அறும். கியர்பெட்டியைப் பின்சக்கரத்துடன் இணைக்கும் சங்கிலியின் தொடர்பு அறாது. ஆகவே சங்கிலியை இயக்கும் தண்டு இறுகினால், ஓடும் வண்டியின் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். மலை வளைவில் இது நேர்ந்தால் என்னாகும்?

சுத்தியலா, சூடா?

பழைய பேரிங் கூட்டின் துளையில் மிக இறுக்கமாக அமர்ந்திருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அலுமினியக் கூடு விரிசல் விடக்கூடும். நல்ல மெக்கானிக் கூட்டைச் சுத்தமாகக் கழுவி, பெட்ரோல் வாடையே இல்லாமல் உலர்த்தி, சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை சீராகச் சூடேற்றுவார்.

சூடேறினால் உலோகம் விரிந்து துளை சிறியதாகாதா என்று கேட்பீர்கள். ஆகாது! துளைக்குள்ளும் அதே உலோகம் நிரம்பியிருந்தால் அது எவ்வளவு விரிந்திருக்குமோ, அவ்வளவு துளையும் விரியும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவது இதனால்தான். ஆறியதும் பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் 62 மி.மீ.; வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்கிறது. ஒரு டிகிரிக்கு அலுமினியத்தின் விரிவு எண் 0.000023.

62 × 0.000023 × 70 = ஏறக்குறைய 0.10 மி.மீ.

எஃகின் விரிவு எண் சுமார் 0.000012. எனவே அதே சூட்டில் பேரிங் 0.05 மி.மீ. அளவே விரியும். துளை 0.05 மி.மீ. முந்திக்கொள்கிறது. பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைந்த அளவுதான். ஆகவே கூட்டைக் கவிழ்த்து மரக்கட்டையின்மேல் மெல்லத் தட்டினாலே பேரிங் விழுந்துவிடும்.

புதிய பேரிங்கைப் பொருத்தும்போது கூட்டை மட்டும் சூடேற்றினால் போதும். அப்போது 0.10 மி.மீ. முழுவதும் நமக்குச் சாதகம்.

இரண்டு எச்சரிக்கைகள்

கூட்டில் பொருத்தும்போது வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தை. மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியே பாய்ந்து தடத்தில் பள்ளம் விழும். புதிய பேரிங் முதல் நாளே பழையதாகிவிடும்.

அளவும் சரியாக இருக்க வேண்டும். பேரிங்கின்மேல் 6206 என்று பொறித்திருந்தால் கடைசி இரு இலக்கங்களை 5ஆல் பெருக்குங்கள்: 30 மி.மீ. உள்விட்டம். 04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்த வழி பொருந்தும். 6203க்குப் பெருக்காதீர்கள். அதன் உள்விட்டம் 17 மி.மீ.

நீங்களே செய்து பாருங்கள்: ஊறுகாய்ப் பாட்டிலின் உலோக மூடி திறக்கவில்லையா? மூடியை மட்டும் சிறிது நேரம் வெந்நீரில் காட்டித் துணியால் பிடித்துத் திருகுங்கள். கண்ணாடியைவிட உலோகம் அதிகம் விரிவதால் மூடி தளர்ந்து திறக்கும்.