எண்ணெயைச் சுட வைத்தால்தான் விமானம் கிளம்பும்!

விமானி இரவில் வீட்டுக்குப் போகும்போது கையில் எதை எடுத்துப் போவார்? பெட்டியையா? தொப்பியையா?

அலாஸ்கா விமானிகள் எஞ்சின் எண்ணெயை எடுத்துப் போனார்கள்!

அலாஸ்கா, வட துருவப் பகுதியை ஒட்டிய பனிப் பிரதேசம். 1920-களிலும் 1930-களிலும் அங்கே சாலைகள் மிகக் குறைவு. தபாலும் மருந்தும் சிறு விமானத்தில் போவதுண்டு. நோயாளியும் அப்படியே. அங்குள்ள பேர்பேங்க்ஸ் நகரில் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போவதுண்டு. பூஜ்யத்திலேயே தண்ணீர் பனிக்கட்டி ஆகிவிடும். அப்படியானால் இது எப்படிப்பட்ட குளிர்!

இறுகும் எண்ணெய்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டும் விழாது. வெயிலில் வைத்தால்தான் இளகும்.

கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெயும் பாகு போல் கெட்டியாகிவிடும். எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உராயாமல் காப்பது எண்ணெய்தான். அது ஓடாவிட்டால் எஞ்சின் தேயும், கெட்டுப் போகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எஞ்சினின் கூடு அலுமினியம். உள்ளே சுழலும் தண்டு எஃகு. குளிரில் அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும். எனவே கூடு தண்டை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் புக இடம் குறையும்.

அடியில் நெருப்பு

ஆகவே, மாலையில் இறங்கியதும் சூடு ஆறுமுன் எண்ணெயை டப்பாவில் வடித்துவிடுவார்கள். இரவு அதை வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். காலையில் அடுப்பில் சுட வைப்பார்கள்.

எஞ்சின் மேல் கித்தான் துணியைக் கூடாரம் போலப் போர்த்துவார்கள். அடியில் பெட்ரோல் அடுப்பைக் கொளுத்தி வைப்பார்கள். எஞ்சின் சூடேற ஒரு மணி நேரமோ, அதற்கு மேலோ ஆகும். பிறகு சுடு எண்ணெயை ஊற்றி, உடனே கிளப்புவார்கள்.

பெட்ரோல் உள்ள விமானத்தின் அடியில் நெருப்பு! ஒருவர் கண் இமைக்காமல் காவல் இருக்கவேண்டும். சற்றே அயர்ந்ததால் எரிந்து போன விமானங்களும் உண்டு.

விரல் இழந்த விமானி

1927-ம் ஆண்டு மார்ச் மாதம். கார்ல் பென் ஐயல்சன் என்ற விமானியும், ஹியூபர்ட் வில்கின்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் எஞ்சின் கோளாறால் துருவக் கடலின் பனிக்கட்டி மீது இறங்கினார்கள். அந்தக் குளிரிலேயே ஐயல்சன் எஞ்சினைப் பழுது பார்த்தார். அவர் விரல்கள் உறைந்தன. விரல் இழக்க நேர்ந்தது.

ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. 1928 ஏப்ரலில் அதே இருவரும் அலாஸ்காவிலிருந்து துருவக் கடலைத் தாண்டி, ஸ்பிட்ஸ்பெர்கன் வரை பறந்து சாதனை புரிந்தார்கள்!

இன்று எப்படி?

இன்று சிறு விமானங்களின் எண்ணெய்த் தொட்டியில் மின்சாரச் சூட்டுப் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் கனத்த போர்வையும் போர்த்துகிறார்கள். குழாய் வழியே வெப்பக் காற்றைச் செலுத்துவதும் உண்டு.

ஆனால் பாதிச் சூடு ஆபத்து! மேல் பாகம் மட்டும் சூடானால் எஞ்சின் கிளம்பிவிடும். விமானி மகிழ்ந்து போவார். அடியில் எண்ணெயோ இறுகியபடியே இருக்கும். உள்ளே தேய்மானம் தொடங்கிவிடும். அது அன்றைக்கே தெரியாது. பின்னொரு நாள் நடுவானில் தெரியலாம்.

ஒரு மணி நேரம் பொறுத்தவர் பத்திரமாக ஊர் போய்ச் சேருவார். பதறாத காரியம் சிதறாது என்பது ஆகாயத்துக்கும் பொருந்தும்!