எடை குறையவும் கணக்கு வேண்டும்



தராசில் எடை குறைந்தால் நமக்கு இழுக்கு. உடம்பில் எடை கூடினால் நமக்கு இழப்பு. முதலாவதில் கண்ணும் கருத்துமாக இருக்கும் நாம், இரண்டாவதைக் கவனிப்பதில்லை.

காலையில் கடை திறந்தால் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பதே நம் தொழில். மூட்டை தூக்குவதும் சரக்கு எடுத்துக் கொடுப்பதும் பிறர். குற்றாலம் சீசன் வந்துவிட்டால் தென்காசி, செங்கோட்டைக் கடைகளிலும் சாப்பாட்டு நேரம் தவறும். நள்ளிரவு நெருங்கும்போது பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும். பிறகு உடனே படுக்கை. இப்படித்தான் தொந்தி வளர்கிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டினருக்கு மருத்துவர்கள் வகுத்துள்ள அளவு. துணி அளக்கும் டேப்பை எடுத்து இன்றே அளந்து பாருங்கள்.

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது. உட்கார்ந்தே தொழில் செய்யும் நாம் இதில் தப்பிவிடுவோம் என்று நினைக்க முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு டீக்கு இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் சீனி. நாளுக்கு ஆறு டீ என்றால் 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம்! பொட்டலமாகக் கட்டி வைத்துப் பார்த்தால் நமக்கே திகைப்பாக இருக்கும். இதைப் பாதியாக்கினால் நாளுக்கு 120 கலோரி மிச்சம். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரி செலவு. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளது. ஆக, இவ்விரண்டினால் மட்டுமே மாதம் ஒரு கிலோ வரை குறைய வழியுண்டு. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும்.

பட்டினி கிடந்து பத்து நாளில் இளைப்பது, அசலுக்குக் கீழே விற்றுக் கூட்டம் சேர்ப்பது போன்றது, நிலைக்காது. கொழுப்போடு தசையும் கரையும். பழையபடி சாப்பிட்டதும் எடை திரும்பிவிடும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் குறைவாக இறங்கினாலும் போதும்.

உணவுக்கு வெளியே தேட வேண்டாம். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, கம்பு எல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன. முறுக்கு, மிக்சருக்குப் பதில் சுண்டல். மதியம் ஒரு கரண்டி சோறு குறைத்து ஒரு கரண்டி காய். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். எண்ணெய் ஒருவருக்கு நாளுக்கு 25 கிராம் என்றால், நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ. அதற்கு மேல் போகிறதா என்று பாருங்கள்.

நடையின் பயனுக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். சாதாரணமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை! ஆகவே தராசு முள் இறங்கவில்லை என்று நடையை நிறுத்திவிடாதீர்கள்.

கடை திறக்குமுன் காசிவிசுவநாதர் கோயில் ரத வீதிகளைச் சுற்றி வரலாம். விடுமுறை நாளில் குற்றாலத்துக்கு நடந்தே போகலாம், ஐந்து கிலோமீட்டர்தான். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலை வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

சிறு கடைகளில் பற்று வரவும் வாடிக்கையாளர் நம்பிக்கையும் முதலாளி ஒருவரையே சார்ந்துள்ளன. அவர் படுத்துவிட்டால் நிலுவையும் வராது, சரக்கும் வராது. குடும்பத்துக்காக உழைக்கும் நாம், அந்தக் குடும்பத்துக்காகவே தினமும் அரை மணி நேரம் நடப்போமாக.