நாவல் திரைக்கு வரும்போது: கடலுக்கு அப்பாலுள்ள ஊரின் கேள்வி



நல்லதொரு நாவல் படமாகி வந்தால் அதை முன்னரே வாசித்தவர்கள் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. “புத்தகத்தில் இருந்தது படத்தில் இல்லை” என்பதே அது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் திரைக்கு வந்தபோதும் இந்தப் பேச்சு எழுந்தது. இங்கிலாந்திலே டிக்கன்ஸ், ஜேன் ஓஸ்ரின் ஆகியோரின் நாவல்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிது புதிதாகப் படமாகின்றன. அங்கும் இதே பேச்சுத்தான். ஆங்கிலச் செந்நெறி நாவல்கள் திரைக்குப் போகும்போது என்ன நடக்கிறது, அதிலே நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

வாசகரின் மனக்குறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நாவலை வாசிக்கும்போது பாத்திரத்தின் முகத்தை நாமே வரைந்துகொள்கிறோம். வீட்டின் முற்றத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் எழுத்தாளர் பாதி தருகிறார். மீதியை நாம் நமது ஊரிலிருந்து எடுத்து நிரப்புகிறோம். திரையிலோ முகம், குரல், முற்றம் எல்லாமே முடிந்த முடிபாக வந்துவிடுகின்றன. நாம் வரைந்த முகத்தை ஒரு நடிகர் வந்து அழித்துவிட்டார் என்ற கோபம் அப்போது பிறக்கிறது.

ஆனால் வெட்டிக் குறைத்துவிட்டார்கள் என்பதை மட்டும் குற்றமாகச் சொல்ல முடியாது. டேவிட் லீன் 1946இல் டிக்கன்சின் ‘கிறேட் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ நாவலைப் படமாக்கியபோது ஓர்லிக் என்ற முக்கியமான பாத்திரத்தையே நீக்கிவிட்டார். இருந்தும், இடுகாட்டில் சிறுவன் பிப்பைத் தப்பியோடிய கைதி பிடித்துக்கொள்ளும் அந்தத் தொடக்கக் காட்சிக்காகவே நாவலின் வாசகர்கள் படத்தைக் கொண்டாடினார்கள். அதுபோலச் சேர்ப்பதும் எப்போதும் பிழையாகிவிடாது. 1995இல் பிபிசி ‘பிரைட் அன்ட் பிறெஜுடிஸ்’ நாவலை ஆறு பகுதிகளாக ஒளிபரப்பியது. அதிலே டார்சி குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வருகிறான். ஓஸ்ரின் எழுதிய நாவலில் அப்படியொரு குளிப்பே இல்லை. ஆனாலும் இன்று பலருக்கு அந்த நாவல் என்றதும் முதலில் ஞாபகம் வருவது அந்தக் காட்சிதான். சிலர் முகஞ் சுளித்தார்கள்; வேறு பலர் படத்தைப் பார்த்தபின் நூலகத்துக்குப் போய் நாவலைத் தேடினார்கள்.

ஆகவே, எது குறைந்தது, எது கூடியது என்று கணக்குப் பார்ப்பதற்கு அப்பாலும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதற்கு உதாரணமாக நமக்குப் பழக்கமான ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்வோம்.

ராஜீவ் மேனன் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த படம் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. இந்தப் படத்தின் மூலம் ஓஸ்ரின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அன்ட் சென்சிபிலிற்றி’. நாவலிலே தகப்பன் இறந்ததும் முதுசமான வீடும் நிலமும் முதல் தாரத்து மகனுக்குப் போய்விடுகின்றன. இரண்டாந் தாரமும் அவளுடைய மூன்று பெண் பிள்ளைகளும் இன்னொருவர் தயவில் கிடைத்த சிறு வீட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். படத்திலே காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு தாத்தாவின் உயிலால் மகனுக்குப் போகிறது. தாயும் மூன்று பெண்களும் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். ஆங்கிலேய உயில் செட்டிநாட்டு உயிலாக மாறினாலும், பெண்கள் வீடிழக்கும் நோவு மாறவில்லை.

இன்னும் சில இடமாற்றங்கள் அழகாகப் பொருந்துகின்றன. நாவலின் இளையவள் மரியான் கூப்பர், ஸ்கொட் ஆகிய கவிஞர்களிலே பித்துப்பிடித்தவள். படத்தின் மீனாட்சி பாரதியிலே பித்துக்கொண்டவள். கவிதை தெரிந்தவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நம்பி ஏமாறுவது இருவருக்கும் பொது. மரியான் ஈரப் புல்லில் நடந்து காய்ச்சலில் விழுகிறாள். மீனாட்சி சென்னை மழையில் மூடியில்லாத சாக்கடைக் குழிக்குள் விழுகிறாள். பெரியதொரு வேறுபாடும் உண்டு. ஓஸ்ரினின் பெண்களுக்கு உழைத்துச் சம்பாதிக்க வழியில்லை. படத்தின் சௌமியா தொலைபேசி இயக்குபவராக வேலைக்குச் சேர்ந்து கணினித் துறையில் உயர்கிறாள். மீனாட்சி பின்னணிப் பாடகியாகிறாள். இது மூலத்துக்குத் துரோகமா என்று கேட்டால், இல்லையென்றே நான் சொல்வேன். 1811இன் இங்கிலாந்தில் பூட்டியிருந்த கதவு 2000இன் சென்னையில் ஓரளவு திறந்திருந்தது. அதைக் காட்டாமல் விட்டிருந்தாற்தான் பொய்யாகியிருக்கும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

நாவலில் கேணல் பிராண்டன் என்றொருவர் வருகிறார். தன் காதலியை அண்ணனுக்கு மணமுடித்து வைத்துவிட்ட துயரத்தில் படைப்பிரிவோடு ‘கிழக்கிந்தியா’வுக்குப் போனவர். நாவலிலே இந்தியா என்பது அவ்வளவுதான். ஒரு மனிதன் துன்பத்தைக் கொண்டுபோய், மௌனத்தோடு திரும்பி வருகிற தூரத்து இடம். மரியானும் அவள் காதலனும் அவரைக் கேலி பேசும்போது அந்த நாட்டைப் பற்றிச் சொல்வது வெயிலும் நுளம்புத் தொல்லையும் நவாபுகளும் பல்லக்குகளுமே. 1995இல் ஆங் லீ இயக்கிய ஆங்கிலப் படத்தில், அந்த நாடு எப்படி இருக்கும் என்று கடைக்குட்டிப் பெண் கேட்க, காற்றெல்லாம் வாசனைத் திரவியம் என்ற பொருளில் ஒரு வரி சொல்லி நிறுத்திக்கொள்கிறார் கேணல். அங்கே வாழ்ந்த கோடிக்கணக்கான சனங்களைப் பற்றி நாவலிலும் பேச்சில்லை, படத்திலும் பேச்சில்லை.

தமிழ்ப் படத்தில் கேணல் பிராண்டனின் இடத்தில் மம்முட்டி நடித்த மேஜர் பாலா வருகிறார். அவர் 1987 முதல் 1990 வரை இலங்கையில் நின்ற இந்திய அமைதிப்படையில் இருந்தவர். அங்கேதான் காலை இழந்தவர். படம் தொடங்குவதே அந்தப் போர்க்களத்தில்தான். லண்டனுக்கு இந்தியா எந்தத் தூரத்தில் இருந்ததோ, அந்தத் தூரத்தில் சென்னைக்கு இலங்கை வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, ஓஸ்ரின் கதையின் ‘கடலுக்கு அப்பால்’ இந்தியாவாக இருந்தது. ராஜீவ் மேனன் கதையின் ‘கடலுக்கு அப்பால்’ நாங்களாகிவிட்டோம்.

இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாதபடி இன்னொரு உதாரணமும் இருக்கிறது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய ‘சதி லீலாவதி’ 1936இல் வெளிவந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. எஸ்.எஸ்.வாசன் எழுதிய நாவலே அதன் கதை. ‘பதிபக்தி’ என்ற நாடகத்தாருடன் இக்கதை பற்றி வழக்கொன்று எழுந்தபோது, இரண்டுக்குமே மூலம் ஹென்றி வூட் அம்மையார் 1860இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற மதுவிலக்கு நாவல்தான் என்று வெளிப்பட்டது. அந்தப் படத்திலே குடியால் கெட்ட நாயகன், தான் கொலை செய்துவிட்டதாக நம்பி எங்கே ஓடுகிறான் தெரியுமா? இலங்கைக்கு. இங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். அறுபத்துநான்கு வருட இடைவெளியில், இரண்டு ஆங்கில நாவல்கள் தமிழ்த் திரைக்கு வந்தபோது, இரண்டிலும் நாயகர்கள் துன்பப்பட்டுத் திரும்பும் இடமாக இலங்கையே இருந்திருக்கிறது. முன்னதில் கூலிக்காரனின் தோட்டம். பின்னதில் படையினனின் காடு.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து பார்ப்பவருக்கு இது கதையின் ஓர் ஓரம். மாங்குளத்தில் இருந்து பார்ப்பவருக்கு அப்படியில்லை. மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டோரமாக மாத்தளைக்கு நடந்துபோன தோட்டத் தொழிலாளரின் வழிவந்த குடும்பங்கள், 1958, 1977 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து, இன்று வன்னியிலே நம் அயலவர்களாக வாழ்கிறார்கள். கால் போவதென்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மிதிவெடியும் எறிகணையும் எத்தனையோ பேரை ஜெய்ப்பூர்க் காலோடு நடக்க வைத்திருக்கின்றன.

2002இல் ஏ9 பாதை திறந்த பிற்பாடுதான் இந்தப் படம் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. மின்சாரம் இல்லாத காலம். ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் இரைய, அயலட்டைச் சனமெல்லாம் பாயில் இருந்து பார்த்தோம். முதற்காட்சி முடிந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா கேட்டார்: “தம்பி, அந்த மனிசனுக்குக் கால் போனது எங்கட பக்கத்திலயோ?” படத்தில் ஊர் சொல்லப்படவில்லை என்றேன். “அப்ப அந்தக் காட்டுக்குள்ள இருந்த சனம்?” என்று அவர் அடுத்ததாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. அந்தச் சனத்தில் ஒருவரும் கதையில் ஒரு பாத்திரமாக வருவதில்லை. ஓஸ்ரினின் நாவலில் இந்தியர் ஒருவரும் வராததைப் போலத்தான்.

இதைச் சொல்வது படத்தைப் பழிப்பதற்காக அல்ல. மேஜர் பாலாவின் கசப்பையும் கண்ணியத்தையும் மம்முட்டி காட்டியவிதம் அந்த முற்றத்தில் இருந்த எல்லோரையும் தொட்டது. காலிழந்த ஒருவனை ஒரு பெண் இரக்கத்தால் அல்லாமல் விரும்பி ஏற்பதைப் பார்த்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த அக்காவின் கேள்வி புத்தகத்தில் இருந்தது படத்தில் இல்லை என்ற வழக்கமான குறையை விடப் பெரியது. புத்தகத்திலும் இல்லாதது, படத்திலும் இல்லாதது எது என்று அது கேட்கிறது.

அந்தத் தூரத்து இடமே கதையின் நடுவுக்கு வந்தால் எப்படியிருக்கும்? அதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

லெனாட் வுல்வ் என்ற ஆங்கிலேயர் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகத்தராக வந்தவர். பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றி, 1911இல் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டு வேலையை விட்டார். எழுத்தாளர் வெர்ஜீனியா வுல்வின் கணவர் என்றால் பலருக்குத் தெரியும். அவர் 1913இல் வெளியிட்ட ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’, அம்பாந்தோட்டைப் பக்கக் காட்டுக்குள் இருக்கும் ஒரு சிங்களக் கிராமத்தின் கதை. சிலிந்து என்ற வேட்டைக்காரன், அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகள், சேனைப் பயிர், கடன், அனுமதிச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைகளை ஆட்டிப்படைக்கும் ஊர்த் தலைமைக்காரன். கடைசியில் காடு வந்து ஊரை மூடிவிடுகிறது. காடு வெட்டிக் குரக்கன் விதைத்து, பன்றிக்குக் காவல் இருந்தவர்கள் வன்னியிலே இந்த நாவலை வாசித்தால், ஊரின் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று சொல்வார்கள். விதானையாருக்கும் கச்சேரிக்கும் நடுவில் அகப்பட்ட ஏழையின் கதை இரண்டு மொழிக்கும் பொதுவானது.

லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் இதைப் ‘பெத்தேகம’ என்ற பெயரில் படமாக்கினார். ஜோ அபேவிக்கிரம சிலிந்துவாகவும், மாலினி பொன்சேகா மூத்த மகள் புஞ்சி மெனிக்காவாகவும் நடித்தார்கள். இந்தத் தழுவலில் இரண்டு செயல்கள் என் மனதில் நிற்கின்றன. ஒன்று, மொழி. வுல்வ் கிராமத்தவரை நன்றாக அறிந்தவர். ஆனால் நாவலிலே அவர்கள் பேசுவது ஆங்கிலம். படத்திலே அவர்களுடைய சொந்த மொழி அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. மற்றது, நீதிபதி. நாவலில் விளங்காத மொழியில் வழக்கு நடக்க, குற்றமற்றவன் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கூண்டில் நிற்கிறான். அந்த வெள்ளைக்கார நீதிபதிக்கு நாவலில் பெயர் இல்லை. படத்திலே அந்த நீதிபதி வுல்வ்தான். நடித்தவர் இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். கதையை எழுதியவரையே கதைக்குள் கொண்டுவந்து, நீங்களும் இந்த அநீதியின் உள்ளே இருந்தவர்தான் என்று படம் அமைதியாகச் சொல்கிறது. இது மூலத்தில் இல்லாதது. ஆனால் மூலத்தை விளங்கிக்கொண்ட ஒருவரால் மட்டுமே செய்யக்கூடியது.

நாவலின் எல்லாவற்றையும் படம் கொண்டுவரவில்லை என்பதும் உண்மை. வுல்வின் காடு பக்கம் பக்கமாக ஒரு பகையைப் போல வளர்கிறது. அந்த வளர்ச்சியை வாசிப்பவரின் தனிமையில்தான் முழுதாக உணரலாம். அதனால் நான் இரண்டில் ஒன்றைத் தள்ளச் சொல்லமாட்டேன். நாவலை வாசித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நாவலுக்குப் போங்கள்.

அப்படிப் போகும்போது அன்று முற்றத்தில் எழுந்த கேள்வியையும் கொண்டு போங்கள். ஓஸ்ரினை வாசிக்கும்போது, கேணல் பிராண்டன் போய்வந்த நாட்டில் அன்று யார் வாழ்ந்தார்கள் என்று நினையுங்கள். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பார்க்கும்போது, மேஜர் பாலா திரும்பிப் போனபின் அந்தக் காட்டில் மிஞ்சியவர்களை நினையுங்கள். அவர்களின் கதையை எழுதவும் படமாக்கவும் வேண்டியவர்கள் லண்டனிலோ சென்னையிலோ இல்லை. ஒட்டுசுட்டானிலும் கனகராயன்குளத்திலும் மாங்குளத்திலும் எழுதுகோல் பிடித்திருக்கும் பிள்ளைகளிடம் நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.